மெஷின் தப்பாகக் காட்டும் என்றேன்

அன்புள்ள அண்ணே,

இன்று காலை அடையாறில், நம் ரத்த டாக்டரின் கிளினிக்கில், கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்ததும் அந்த வாசத்தோடு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதில் யாரோ பை வைத்திருந்தார்கள்.

நாம் பழகியதே இருவருக்கும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்ததால்தான். நான் ராயப்பேட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடுவேன். நீங்கள் தெற்கேயிருந்து பத்து மணி நேரம் பயணம் செய்து, கசங்கிய சட்டையோடு எனக்கு முன்பே உட்கார்ந்திருப்பீர்கள். "எங்க ஊர்ல பல்லுக்கு ஆறு டாக்டர் இருக்காக பாய். ரத்தத்துக்கு ஒருத்தருகூட இல்ல. எனக்குப் பல்லு வலிச்சிருக்கலாம்ல?" என்பீர்கள். நான் சிரிக்கிற சிரிப்பில் நர்ஸ் அதட்டுவார்.

ஒருமுறை மெஷின் என் எண்ணிக்கையைப் படுமோசமாகக் காட்டியது. டாக்டர் என் ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, மைக்ராஸ்கோப்பில் தானே பார்த்தார். "தட்டணுவெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதான் மெஷின் குறைச்சுக் காட்டுது. நல்லாத்தான் இருக்கீங்க" என்றார். அன்றிலிருந்து நான் பாதி டாக்டர் ஆகிவிட்டேன்.

அதனால்தான் உங்கள் ஊர் லேப் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி நீங்கள் போன் செய்தபோது, நான் யோசிக்கவே இல்லை.

"ரொம்பக் குறைஞ்சிருக்கு பாய். ஈறுலயும் லேசா ரத்தம் வருது. இன்னைக்கே பஸ் ஏறவா?"

"இன்னாத்துக்கு அண்ணே பயப்படுறீங்க? மெஷின் அப்டித்தான் தப்பா காட்டும், எனக்கும் காட்டுச்சு. செவ்வாக்கெழம எப்டியும் வரப் போறீங்க, அப்போ பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை தலைக்குள் ரத்தம் கசிந்து நீங்கள் போய்விட்டீர்கள். செவ்வாய்க்கிழமை நான் மட்டும் வந்தேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஸ்லைடைப் பாக்காம நானே அப்படிச் சொல்ல மாட்டேனே பாய்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்த ஹாலில் நான் யாரோடும் பேசுவதில்லை. வெளியூர்க்காரர்கள் ரிப்போர்ட்டை நீட்டினால், "எனக்குத் தெரியாதுங்க, உள்ள போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறேன். தனியாக இருக்கிறது, அண்ணே.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் உங்கள் மனைவி போன் செய்தார். என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஒங்ககிட்ட பேசின பொறகுதான் அவரு பயமில்லாம இருந்தாரு. நீங்க நல்லா இருக்கணும் பாய்."

நான் "சரிம்மா" என்றேன். இன்று வரை அவரிடம் வேறெதுவும் சொல்லவில்லை.