மாடிப்படியில் நிற்கும் பெண்

டோங்லி, 1934

ஜூன் 9

மழை விடவில்லை. ஈரத்தில் பட்டுத் தந்தி தொய்ந்துகொண்டே இருக்கிறது. என் பிபா வாத்தியத்துக்குச் சுருதி சேர்ப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. தேநீர்க்கடையில் நாங்கள் சொல்லிவரும் கதையில் இன்று அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்க ஆரம்பித்தாள். கீழே வந்தால் கொலைப்பழி சுமந்த அண்ணனின் விசாரணை. அந்த இடத்தில் என் கணவர் யூன்ஷெங்கின் குரல் கம்மி, அப்படியே நின்றுவிட்டது.

ஜூன் 10

தொண்டை வீக்கம் வடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்கிறார் வைத்தியர். தேநீர்க்கடைக்கார து அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. கதை நின்றால் வேறு ஜோடியைக் கூப்பிடுவாளாம். பாதியில் இறக்கிவிட்ட ஜோடியை அப்புறம் எந்த ஊர் கூப்பிடும்?

எங்கள் தொழிலில் கதை சொல்கிறவருக்கு மேல் நாற்காலி. நீதிபதி, ரவுடி, அதிகாரி எல்லாம் அவர். பிபாக்காரிக்குக் கீழ் நாற்காலி. பாட்டும் பெண் குரல்களும் அவளுக்கு. நான் தனியாகப் போகிறேன் என்றேன். யோசித்துவிட்டுக் காற்றுக் குரலில் சொன்னார்: "போ. ஆனா அவளைப் படியிலயே நிறுத்தி வை. விசாரணை என்னோடது."

சரி என்றேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூன் 11

ஒரு படிக்கு ஒரு மீட்டல். நடுவில் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாள், கொண்டை ஊசியைச் சரிசெய்தாள். கூட்டம் ரசித்தது. பெண்ணுக்கு முட்டிவலியா என்று முன்மேசை ஃபை, எண்ணெய்க்கடைக்காரர், கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 14

இன்னும் படியில்தான். இன்று அவள் செருப்பு வாரை அறுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

"ஜின்ஃபெங் அம்மா, அவ கீழ வர்றதுக்குள்ள என்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்க போலிருக்கே" என்றார் ஃபை. சிரித்தார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு. பின்பெஞ்சுகள் காலி. நாளையும் அவள் இறங்காவிட்டால் வேறு ஜோடிக்குப் படகு அனுப்பிவிடுவேன் என்று து அம்மாள் சொல்லிவிட்டாள். வீட்டில் சொன்னேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார். விசாரணையை நான் சொன்னால் மானம் போய்விடுமாம்.

யாருடைய மானம்?

ஜூன் 15

இறக்கிவிட்டேன்.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அவரும் வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தார். மேசையைத் தட்டும் கட்டை அவருடையது, நான் தொடவில்லை. கைதியைச் சங்கிலியோடு இழுத்து வரும் இடத்தில் இடக்கை விரலால் இரண்டு தந்திகளைப் பின்னி, வலக்கையால் மீட்டினேன் — இரும்பு தரையில் உரசும் சத்தம். இந்த ஈரத்தில் பின்னினால் தந்தி அறுந்துபோகலாம். அறுந்தால் நானும் போச்சு, கடையும் போச்சு. அறுபடவில்லை. நீதிபதியாக அடிவயிற்றிலிருந்து பேசினேன். கட்டை தட்டவேண்டிய இடத்தில் நான்கு தந்தியையும் ஒரே இழுப்பு.

யாரும் கோப்பையை எடுக்கவில்லை. தீர்ப்புக்கு முன்னால் நிறுத்தினேன். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார் ஃபை. தினமும் வருகிற மனுஷன்!

கதவோரம் பார்த்தேன். அவரைக் காணோம்.

ஜூன் 16

குரல் இல்லாதவர் நம்மோடு பேசாமல் இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? பெண்டாட்டிக்குத் தெரியும். இரவெல்லாம் முதுகைத்தான் காட்டினார்.

காலையில் படகுக்காரியிடம் நீர்க்கிழங்கு வாங்கப் போனேன். நேற்றுக் காலையில் உன் வீட்டுக்காரர் நன்றாகப் பேரம் பேசினார், மணி மாதிரிக் குரல் என்றாள்.

நேற்றுக் காலையில்.

அப்படியென்றால் குரலை வைத்துக்கொண்டேதான் என்னைத் தனியாக மேடைக்கு அனுப்பினாரா? விழட்டும் என்றா? இன்னிக்கு என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன்னே தெரியல. தீர்ப்பை மட்டும் தள்ளிப் போட்டேன்.

ஜூன் 17

கேட்டுவிட்டேன்.

"குரல் எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள் காலையில."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல?"

"நீ விழுவேன்னு பார்த்தேன்." கழுத்துத் துணியை அவிழ்த்தார். "விழல. அதுக்கப்புறம் எப்படித் திறக்கிறது?"

அழுதேன். கோபத்தில்தான். அவருக்குச் சமைக்கவில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்குத் தீர்ப்பை நான்தான் சொல்லப்போகிறேன் என்றேன்.

ஜூன் 18

ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். பிபாவோடு மேல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பின்னால் திரை விலகியது. துவைத்த அங்கி, கையில் அவருடைய மூன்று தந்தி வாத்தியம். நேராக வந்து கீழ் நாற்காலியில் உட்கார்ந்தார். கூடத்தில் முணுமுணுப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆரம்பித்தேன்.

தீர்ப்புக்குச் சற்று முன்னால் வேலைக்காரப் பெண் ஓடிவர வேண்டும். இத்தனை நாளாக எல்லாக் குரலும் நானேதான். ஆனால் இது கீழ் நாற்காலியின் வரி. சொல்வதா, விடுவதா? நின்றுவிட்டேன்.

பக்கத்திலிருந்து மெல்லிய, கீச்சுக் குரல்: "அக்கா, அக்கா, அழாதீங்க. சாட்சி சொல்ல ஆளு வந்துருக்கு."

சிரிப்பில் கடையே அதிர்ந்தது. ஃபை கண்ணைத் துடைத்துக்கொண்டார். யூன்ஷெங் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, தந்தியில் விரலை வைத்தபடி, என் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.

சொன்னேன்.