தண்ணிக்குத் திரும்பிய கெளுத்தி

சுசீந்திரம்,
திங்கள் காலை

பூங்கொடிக்கு,

நான் நல்லா இருக்கேன். உனக்கு வாந்தி குறைஞ்சுதா? போன்ல இதெல்லாம் பேச வரல, அதான் எழுதறேன்.

மழையில நெல்லு சாஞ்சு கிடக்கு. அறுப்பு மெஷின ஓரமா நிறுத்திட்டு, வயல் தண்ணியில மேகம் போறதப் பாத்துக்கிட்டே இருக்கேன். முழிச்சிருக்கேனா தூங்கறேனான்னே தெரியல.

நேத்து வயல்காரர் எபிசன், சர்ச் முடிஞ்சதும் கால்வாய்க்குக் கூட்டிட்டுப் போனார். ஆப்பிரிக்கக் கெளுத்தி பிடிக்கறதுதான் இவங்களுக்கு ஞாயித்துக்கிழமை விளையாட்டு. நான் தூண்டில் போடல. அவர் டீ வாங்கப் போனப்ப சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பப் பாத்து ஒண்ணு மாட்டிருச்சு, முழங்கை நீளம்.

"மக்கா, வெள்ளத்துல விட்டுராத! நம்ம மீனையெல்லாம் தின்னு தீத்துரும். அடிச்சுக் கொல்லு!"ன்னு தூரத்துல இருந்தே கத்தினார். இங்க தண்ணிய வெள்ளம்னுதான் சொல்றாங்க.

நீ முழுகாம இருக்கறப்ப நான் ஒரு உசுரக் கொல்லலாமா? முள்ளைக் கழட்டி விட்டுட்டேன். அவருக்குக் கோபம்னா அப்படி ஒரு கோபம். காரணத்தச் சொல்லிட்டேன். வெளியில சொல்ல வேண்டாம்னு பேசி வெச்சிருந்தோம், திட்டாத. அவர் தூண்டிலச் சுருட்டிட்டு, "டீ ஆறுது, குடி மக்கா"ன்னார்.

இங்க கொசு அதிகம். போத்திக்க உன் பழைய சீலை ஒண்ணு அனுப்பு.

வெயில் வந்துருச்சு, மெஷின எடுக்கணும். போன தடவை முழுகாம இருந்தப்ப துடிப்பு கேக்காம திரும்பி வந்தத நினைச்சுக் கலங்காத. வெள்ளிக்கிழமை ஸ்கேன்ல துடிப்பு கேட்டதும் ஒரு மிஸ்டு கால் குடு. மெஷின் சத்தத்துல மணி கேக்காது. போன வைப்ரேட்டுல போட்டு நெஞ்சுப் பையில வெச்சிருப்பேன்.

மணிவேல்