அக்னி மூலைக் கிணறு

3.3.1996
கிணற்று மோட்டார் இன்று அரை மணி நேரம்தான் ஓடியது. மாட்டுக்கும் வீட்டுக்கும் போதும், வாழைக்கு இல்லை. வாழை கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். இவர் காலையிலிருந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்தால் ஊறிவிடுமா?

9.3.1996
திருப்பூரிலிருந்து வாஸ்துக்காரர் வந்தார். சபாரி சட்டை, கையில் காம்பஸ். என் காபியில் சர்க்கரை அதிகம் என்றார். பிறகு வீட்டைச் சுற்றி வந்தார்.

"கிணறு அக்னி மூலைல, தென்கிழக்குல இருக்குதுங்க. உங்களுக்கு முன்னால இங்க இருந்தவங்க யாராச்சும் நல்லாருந்தாங்களா, சொல்லுங்க பார்ப்போம்."

இவர் பாடம் ஒப்பிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். இந்தத் தோட்டத்து வீட்டைக் கட்டிய ராமுலு நாயுடுவின் மனைவி பங்காரம்மா இந்தக் கிணற்றில் விழுந்து செத்தார், வாரிசு இல்லை. நாயுடுவிடம் வாங்கிய அப்துல் முத்தலிப் ராவுத்தர் கடலை வியாபாரத்தில் நொடித்து ஊரைவிட்டே ஓடினார். அவரிடம் வாங்கியது நாங்கள். எங்களுக்கு என்ன ஆயிற்று என்று இவர் சொல்லவில்லை. வாழையைக் காட்டினார்.

கிணற்றை மூட வேண்டுமாம். தென்கிழக்கு அறையையும் இடிக்க வேண்டுமாம். ஈசானி மூலையில், வடகிழக்கில், போர் போட்டால் தண்ணீர் கொட்டுமாம்.

10.3.1996
சண்டை. "இருக்கற தண்ணியையும் மூடிப்போட்டு என்னத்தைங்க குடிக்கறது?" என்றேன். "உனக்கென்ன தெரியும்? இது ஆளைத் தின்னுற ஊடு" என்றார். எப்போதும் தெலுங்கில்தான் சண்டை போடுவோம். இன்று தமிழிலேயே கத்தினோம், பண்ணையத்து ஆள் மாசாணத்துக்கும் எல்லாம் புரிகிற மாதிரி. வெட்கமாக இருக்கிறது.

15.3.1996
பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். ஏன் என்று எழுத மாட்டேன்.

18.3.1996
தென்கிழக்கு அறையை இடித்தாயிற்று. கல்லும் மண்ணும் கிணற்றோரம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. இன்னும் உள்ளே தள்ளவில்லை.

இவரை நிறுத்த எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. இந்த வீட்டில் யாரும் அழியவில்லை என்று இவருக்குத் தெரிய வேண்டும். ஒருவேளை அழிந்திருந்தால்? அதையும் தெரிந்துகொள்கிறேன். ராவுத்தர் குடும்பம் பொள்ளாச்சியில் கொப்பரைக் களம் வைத்திருப்பதாகக் கேள்வி. நாளை போகிறேன். இவரிடம் கிணத்துக்கடவில் அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

20.3.1996
ராவுத்தர் போன வருடம் தவறிவிட்டார். அவர் மனைவி சித்திகாம்மா இருக்கிறார். வெயிலில் காய்கிற கொப்பரையைக் காக்காய்க்குக் காவல் காத்தபடியே என்னோடு பேசினார்.

"ஓடிப் போனமா? ஆருங்க சொன்னது? எங்கண்ணன் இங்க களம் போட்டாரு, கூப்புட்டாரு, வந்தோம். எனக்கு வர மனசே இல்லீங்க அம்மணி. அந்தக் கெணத்துத் தண்ணில பருப்பு வெந்தாப்புல இங்க வேகறதில்லே."

பங்காரம்மாவைப் பற்றிக் கேட்டேன். "அந்தம்மா டி.பி. வந்து கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரில தவறிப்போனாங்க. நாயுடு எங்ககிட்டச் சாவியக் குடுக்கறப்பச் சொல்லி அழுதாரு. கெணத்துல உழுந்தது ஒரு கன்னுக்குட்டிங்க. அதையும் உசுரோட எடுத்துப்போட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். எத்தனை நாள் ஆயிற்று சிரித்து. சொன்ன பொய் முழுப் பொய்யாக வேண்டாம் என்று அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, இன்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். பஸ் முழுக்க இவரிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

கேட்டருகே வரும்போதே டிராக்டர் சத்தம் கேட்டது.

பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள். நான் இல்லாத நாளாகப் பார்த்து. அந்த நாளை எடுத்துக் கொடுத்ததே நான்தானே. பாவி, நானேதான் கொடுத்தேன்.

சித்திகாம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். "உன்னைச் சமாதானம் பண்றதுக்கு அந்தம்மா சொல்லிருக்கும்" என்றார்.

4.4.1996
ஈசானி மூலையில் போர் போட்டார்கள். புகைதான் வந்தது. வெள்ளைப் புழுதி, முற்றம் முழுக்க. தள்ளி இன்னோரிடத்தில் போட்டார்கள். அங்கேயும் புகை. இவர் தலையெல்லாம் வெள்ளையாகி நின்றார். துடைத்துக்கொள்ளவே இல்லை.

16.5.1996
மாடுகளைப் பொள்ளாச்சி சந்தைக்கு லாரியில் ஏற்றிவிட்டோம். நான் வெளியே வரவில்லை.

3.6.1996
குடிக்க விலைத் தண்ணீர். கோயமுத்தூரிலிருந்து மில்காரர் ஸ்ரீனிவாசும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கிப்போக ஒரு தோட்டம் வேண்டுமாம். அவர் மனைவி, "கிணறு இல்லைங்களா?" என்று கேட்டார். இவர், "வாஸ்துப்படி மூடியாச்சுங்க" என்றார், என்னவோ மாடி கட்டியதைச் சொல்வதுபோல.

தோட்டம் என் பெயரில் இருக்கிறது. அப்பா வாங்கிக் கொடுத்தது. நான் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். இவர் என்னிடம் கேட்கக்கூட இல்லை. "போனாப் போதும். இங்கயே இருந்தா நானும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

சரி என்றேன். இந்த மனிதர் பிழைத்தால் போதும், வீடு யாருக்கு வேண்டும்?

14.6.1996
ரிஜிஸ்டர் ஆபீசில் காத்திருந்தபோது ஸ்ரீனிவாசின் மனைவி மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, இந்த ஊட்ல இருந்தவங்க எல்லாம் ஏன் ஓடிப் போனாங்க?"

எல்லாம் என்றார். எங்களையும் சேர்த்துவிட்டார், நாங்கள் இன்னும் கிளம்பவே இல்லை. இனி வருகிறவர்கள் இவரைப் பற்றிச் சொல்வார்கள், அழகிரிசாமி என்று ஒருத்தர் இருந்தார், புத்தி பேதலித்துப் போனார் என்று. யாராவது ஒருத்தி பஸ் ஏறி வந்து அது நிஜமா என்று என்னைக் கேட்பாள். நான் என்ன சொல்வேன்? சித்திகாம்மா மாதிரி என்னால் இல்லை என்று சொல்ல முடியுமா?

அதிகாரி, "சம்மதந்தானுங்களா?" என்றார். இல்லைங்க என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. தனியாக பஸ் ஏறி வந்தேன்.

15.6.1996
இவர் வரவில்லை. பீரோவைத் திறந்து டப்பாக்களைப் பார்த்தேன். எல்லாம் இருக்கின்றன. பக்கத்தில் அன்னூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள்தானே அது. தப்புப் பண்ணிவிட்டேனா? கடவுளே, கையெழுத்துப் போட்டிருக்கலாம். போட்டுத் தொலைத்திருக்கலாம்.

16.6.1996
வந்துவிட்டார். கருப்பராயன் கோயிலில் படுத்திருந்தாராம், மாசாணம் கூட்டி வந்தார். பேசவில்லை. பேச வேண்டாம். இருந்தால் போதும்.

25.6.1996
சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென்று கேட்டார்.
"கன்னுக்குட்டியா?"
"ஆமாங்க."
"உசுரோடவா?"
"உசுரோடத்தானுங்க."
பிறகு சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

2.7.1996
விடிந்ததும் இவரும் மாசாணமும் கடப்பாரையோடு மூடிய கிணற்றைத் தோண்ட இறங்கினார்கள். நான் சொல்லவில்லை. நாள் பார்க்கவில்லை, திசையும் பார்க்கவில்லை. இடித்த அறையின் கல்லெல்லாம் கூடை கூடையாக மேலே வருகிறது. நானும் கயிறு இழுத்தேன், உள்ளங்கை தோலுரிந்துவிட்டது.

சாயங்காலம் மேட்டில் நின்று, "ஈரம் தெரியுதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லே. நாளைக்குப் பாக்கலாம்" என்றார்.

நாளைக்கு என்று இவர் சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று. உள்ளே போய் உலை வைத்தேன்.