சாராளின் வெள்ளிக்கிழமைகள்

மே 3, சனி

மூன்றாவது கல். காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த சாராள் விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள், வேகத்தடைக்கு ஒரு 'இயேசப்பா'. ஊசி போட்டார்கள். மத்தியானம் கல் தானாக வெளியே வந்தது. மிளகு அளவுகூட இல்லை. இதற்கா இவ்வளவு ஆட்டம்!

டாக்டர் புருஷனான என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை அடைத்த இடது கிட்னி இப்போது வீங்கியிருக்கிறதாம். "இன்னொரு தடவை அடைச்சா, அந்தக் கிட்னி தங்குமான்னு சொல்ல முடியாது." கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 5, திங்கள்

பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் எல்லா நோய்க்கும் வைத்தியம் உண்டு. பால் கூடாது, தயிர் கூடாது. "பால்லதான கால்சியம் கீது? அத்த நிறுத்து, கல்லு எங்கேர்ந்து வரும்?" மூன்று வருடமாக இதைக் கேட்டு சாராள் வரக்காப்பி குடிக்கிறாள். பாலை நிறுத்திய பிறகும் இரண்டு கல் எப்படி வந்தது என்று கேட்டேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள்.

மே 8, வியாழன்

கல் ரிப்போர்ட் வந்தது. கால்சியம் ஆக்சலேட். நாகம்மா சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறார் டாக்டர். சாப்பாட்டோடு பாலும் தயிரும் சேர வேண்டுமாம். அந்தக் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஆக்சலேட் சிறுநீருக்குப் போய் அங்கே கல்லாகும். குறைக்க வேண்டியது உப்பு. உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியம் ஏறும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் — சாராளுக்கு மூன்றும் உயிர். பாலை விட்டாளே, கருவாட்டை விட்டாளா?

ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவர ஒரு பெரிய கேன் கொடுத்தார்கள். "வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருக்கணும்" என்றார்.

மே 11, ஞாயிறு

கேன் நாள். அவள் தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அதைத் தூக்கிக்கொண்டா போவது? அதனால் ஞாயிறு. குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மாவு இருக்கும் பிரிட்ஜில் வைத்தால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்றாள். ஐஸ் வாங்கி வந்து வாளியில் வைத்தேன். ஆராதனையில் பாதிப் பாட்டில் எழுந்து வீட்டுக்கு ஓடி வந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். கேனுக்கு நான் காவல். நல்ல பிழைப்பு.

மே 15, வியாழன்

கேன் ரிப்போர்ட்டில் கால்சியம் கொஞ்சம் கூடுதல், உப்பின் வேலை. மற்றதெல்லாம் சரி. "இவ்வளவு தண்ணி குடிக்கிறவங்களுக்கு இப்படி அடிக்கடி வரக் கூடாதே" என்று டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாராள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 16, வெள்ளி

உபவாச ஜெபம் முடிந்து வந்தாள். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த பாட்டிலைக் கழுவ எடுத்தேன். மூடியே திறக்கவில்லை!

வெள்ளிக்கிழமை சாப்பிடமாட்டாள் என்று தெரியும். தண்ணீரும் பல்லில் படாது என்று எனக்கு யார் சொன்னது? கத்திரி வெயில், தகரக் கூரை, தையல் மெஷின். சாயங்காலம் வரை ஒரு சொட்டு கிடையாது. எத்தனை நாளா இந்தக் கூத்து?

"பெனிஷாவுக்கு ரெண்டாவது கலைஞ்சதுலேர்ந்து."

எங்கள் மகளுக்கு இரண்டாவது கரு கலைந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். முதல் கல் வந்ததும் அந்த வருடம்தான். டாக்டர்கிட்ட ஏன்டி சொல்லல?

"அவரு கேக்கல."

கத்தினேன். அவள் கத்தவில்லை. குழந்தை கைக்கு வரும்வரை தண்ணீரில்லாத உபவாசம் என்று ஆண்டவரிடம் நேர்ந்து பொருத்தனை செய்திருக்கிறாள். பெனிஷாவுக்கு இப்போது ஐந்தாம் மாதம். "இத்தினி நாள் இருந்துகினு, இப்ப பாதில உட்டு, கொழந்தைக்கு எதுனா ஆச்சுன்னா? நீ பதில் சொல்லுவியா?"

கோபம் அடங்கவில்லை.

மே 17, சனி

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "அந்தக் கேன்ல ஞாயித்துக்கிழமைதானே இருந்தது? எனக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை" என்று தலையில் அடித்துக்கொண்டார். வாரத்தில் ஒரு நாள் இப்படிக் காய்ந்தாலும் கல் உருவாக அது போதுமாம்.

மே 20, செவ்வாய்

பாஸ்டர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "தண்ணி குடிங்க சிஸ்டர், ஆண்டவர் தப்பா எடுத்துக்க மாட்டார்" என்று நல்ல மனிதர் தெளிவாகச் சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தெருவுக்கு வந்ததும், "பொருத்தன பண்ணது நானு. பாஸ்டரு இல்ல" என்கிறாள். இவளோடு நான் என்ன செய்ய?

மே 23, வெள்ளி

பாட்டில் முழுசாகத் திரும்பி வந்தது.

மே 24, சனி

விலாவில் கையை வைத்துக்கொண்டே நடக்கிறாள். கேட்டால் வாயுவாம். பொய். அந்தக் கிட்னி போன பிறகு பேரக் குழந்தையை யார் தூக்குவது?

கோபத்தில்தான் வாயில் வந்தது. "அந்த வெள்ளிக்கெழமைய என்கிட்ட குடு. நீ தண்ணி குடி, நான் குடிக்காம இருக்கேன். பெனிஷா எனக்கும் பொண்ணுதான்."

சிரித்தாள். "நீயா? கிறிஸ்மஸுக்கு பிரியாணி வாசனைக்கு சர்ச்சுக்கு வர்ற ஆளு நீ."

நான் சிரிக்கவில்லை என்றதும் அவளும் நிறுத்திக்கொண்டாள். என்னை உட்காரவைத்து, தலையில் கைவைத்து, ஆண்டவரிடம் ஏதோ முணுமுணுவென்று பேசினாள். நெடுநேரம். பிறகு, "ஏமாத்தக் கூடாது" என்றாள்.

டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார்.

மே 30, வெள்ளி

தலைவலி. அவள் என் எதிரில் உட்கார்ந்து மடக் மடக்கென்று குடிக்கிறாள். எரிச்சலாக வருகிறது.

ஜூன் 13, வெள்ளி

நான் வேலை பார்க்கும் பாடி கம்பெனியில் இன்று எனக்கு உலைப் பக்கம். மதியத்துக்குள் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. மூன்று மணிக்கு டீ வந்தது. டீக்காரன் இஞ்சி தட்டிப் போட்டிருந்தான், பாவி. மற்றவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு காற்றாட வெளியே போய்விட்டார்கள். என் கிளாஸும் நானும்தான் மிச்சம்.

ஆண்டவர் இருக்கிறாரா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு வாய் குடித்திருந்தால் சாராளுக்கும் தெரிந்திருக்காது. டீயில் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போது பெனிஷா போன் செய்தாள். குழந்தை உதைக்கிறதாம், காலையிலிருந்து விடாமல் உதைக்கிறதாம். சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கடைசியில், "டீ குடிச்சியாப்பா?" என்று கேட்டாள்.

"ஆச்சும்மா" என்றேன்.