ஒயரில் சுற்றிய பிளாஸ்திரி

என்னங்க, சாப்பாடு மேசையில மூடி இருக்கு. ஹீட்டரைத் தொடாதீங்க!

நேத்து ஹீட்டர் குழாயைத் தொட்டதும் சுரீர்னு ஷாக் அடிச்சுது. நீங்களே ரிப்பேர் பண்ண சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல, சொல்லல. இன்னைக்குக் கழட்டிப் பார்த்தா, டேப் வாங்கற காசை மிச்சம் பிடிக்க, காயத்துக்குப் போடற பிளாஸ்திரியை ஒயர்ல சுத்தியிருக்கீங்க!

பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வருவார். போன தடவை மாதிரி, ‘நானே பாத்துக்கறேன்’னு வாசலோட அனுப்பிடாதீங்க.

பி.கு: அனுப்பிடுவீங்க, எனக்குத் தெரியும். அதான் ஹீட்டர் ஃபியூஸைப் பிடுங்கி என் பையில போட்டுக்கிட்டேன். வந்ததும் அவரையே போன்ல பேசச் சொல்லுங்க, ஓடி வந்து தர்றேன்.

இன்னொண்ணு: ஃபியூஸ் இருந்த இடத்துல நீங்களா ஒரு கம்பியைச் சொருகிடாதீங்க. சாயந்திரம் உங்களோட சண்டை போடணும், முழுசா இருங்க.