கடைசியாகப் போகும் பிள்ளை

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலம்தானே? போனில் பேசினால் ஒன்று நான் அழுவேன், இல்லை நாம் இரண்டு பேரும் சண்டை போடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை கூப்பிட்டிருந்தார். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை, அம்மாவின் மழலையர் வகுப்பறையிலேயே நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். பழைய பிள்ளைகள் எல்லாம் வருகிறார்களாம். "மக நீங்கதான் பேசணும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். பேச எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துக் குறை இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் வந்து இறங்குவேன். ஸ்டேஷன் பக்கத்திலேயே லாட்ஜில் ரூம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எதற்குச் சிரமம்? அம்மா இருந்தவரை சொல்லாமல் கொள்ளாமல் வந்து காலை நீட்டிப் படுத்தேன். அம்மாவைக் கொண்டுபோன அன்று, "இதோட எனக்கும் இந்த வீட்டுக்கும் முடிஞ்சுது" என்று வாசலில் நின்று சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டீர்கள். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அண்ணனை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

---

பிப்ரவரி 8

என் வாயாடி நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன் மாத்திரையை வாயில் போட்டுவிட்டு, போட்டோமா இல்லையா என்று என்னைக் கேட்கிறார்.

உன் பேச்சை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரைப் பத்தி?" என்றார்.

பின்னே என்ன? 'பொறுமையின் சிகரம், கோபமே அறியாதவர்' என்று எழுதியிருக்கிறாயே, அடிப்பாவி! அத்தையா கோபமே அறியாதவர்? கலர் கிரேயானைத் தின்ற பிள்ளையைவிட, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர்களுக்குத்தான் அங்கே திட்டு அதிகம். பாம்பு ஏணி ஆட்டத்தில் நாலு வயதுப் பிள்ளைகளிடம் கூசாமல் கள்ளாட்டம் ஆடுவார், அது தெரியுமா உனக்கு? "என்ன அத்தை இது, பச்சைப் பிள்ளைங்ககிட்ட?" என்று கேட்டேன். "பெரியவங்க ஏமாத்தினா 'தப்பு டீச்சர்'னு சொல்ற தைரியம் வரணும்ல?" என்றார். கண்டுபிடித்துக் கத்துகிற பிள்ளைக்கு அன்றைக்கு ராஜ உபசாரம்தான்.

ஒத்தைச் செருப்புக் கதையை ஏன் விட்டாய்? பள்ளி திறக்கிற வாரம், அழுகிற பிள்ளையின் கையில் அதன் அம்மாவுடைய ஒரு செருப்பைக் கழற்றி வாங்கிக் கொடுத்துவிடுவார். "ஒத்தைச் செருப்போட உங்கம்மா எவ்வளவு தூரம் போயிடுவா? வந்துதானே ஆகணும்?" பிள்ளை செருப்பைக் கட்டிக்கொண்டு கப்சிப் என்று உட்காரும். அந்த வாரம் முழுக்க நம் தெருவில் பாதிப் பெண்கள் நொண்டிக்கொண்டே போவார்கள். பேங்க் மேனேஜரம்மாவும் அதில் உண்டு.

இன்னொன்று. என் பெண் அத்தையின் வகுப்பில் சேர்ந்தபோது சட்டம் போட்டார். பள்ளி கேட்டுக்கு உள்ளே டீச்சர், கேட்டுக்கு வெளியேதான் பாட்டி. ஒருநாள் சாயங்காலம் இவள் உள்ளேயே நின்றுகொண்டு, "டீச்சர், எங்க பாட்டிகிட்ட கொஞ்சம் சொல்றீங்களா? எனக்குக் கால் வலிக்குது, தூக்கிக்கணும்னு" என்றாள். அத்தை முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. "இரும்மா, கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தார். திரும்பி நின்று இரண்டு கையையும் நீட்டினார். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

இதையெல்லாம் எழுது. சிகரம், கிகரம் எல்லாம் வேண்டாம்.

லாட்ஜைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் வாய் கெட்டுப்போகும். அன்றைக்கு நான் உள்ளே போனது கோபத்தில் இல்லை. வாயைத் திறந்திருந்தால் ஒப்பாரிதான் வந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம், போ.

அன்புடன்,
அண்ணி

---

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

ஆபீஸில் வைத்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். செருப்புக் கதையில் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பள்ளி கேட் கதையைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பொறாமை அண்ணி. உள்ளதைச் சொல்கிறேன். இந்த வயதில், அதுவும் நான் தூக்கி வளர்த்த அண்ணன் மகள்மேல் பொறாமை! வெட்கமாகத்தான் இருக்கிறது.

நானும் அம்மாவிடம்தானே படித்தேன். எல்லாப் பிள்ளைகளையும் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போனபிறகுதான் அம்மா கிளம்புவாள். அதனால் டீச்சர் மகள்தான் எப்போதும் கடைசி. ஒவ்வொருத்தியின் அம்மாவாக வருவார்கள். அந்தப் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்து, பையை மாட்டி, கன்னத்தைத் தட்டி அனுப்புவாள் என் அம்மா. நான் சுவர் ஓரத்துப் பெஞ்சில் என் பையை நானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எவளாவது ஒருத்தியின் அப்பாவுக்கு நேரமாகிவிடும். அந்தப் பிள்ளை அழும். அம்மா அதை மடியில் வைத்துக்கொள்வாள். நான் அழமாட்டேன். டீச்சர் மகள் அழலாமா? கடைசியில் கதவைப் பூட்டிவிட்டு, "வா, போலாம்" என்பாள். தூக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

அம்மாமேல் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். என்னை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை, ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்த அந்த வேடிக்கைக்கார அம்மாவை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி மேடையில் நடிக்க எனக்கு வரவில்லை. நீங்களே பேசுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். அம்மா இல்லாத வீட்டுக்கு இனி நான் யாராக வருவது?

உங்கள்,
நாத்தனார்

---

பிப்ரவரி 19

என் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு அப்படியே தையல் மெஷின்மேல் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த ரவிக்கைக்கு இன்னும் ஒரு கைதான் இருக்கிறது. ரவிக்கைக்குச் சொந்தக்காரி மூன்று தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

அத்தை படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில், சாயங்காலம் பள்ளி விடுகிற நேரமானால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். "எல்லாப் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்பார்.

"போயிட்டாங்க அத்தை. நீங்க படுங்க."

"இல்லம்மா. ஒண்ணு இன்னும் உக்காந்திருக்கு."

வயசான காலத்து உளறல் என்று நினைத்து நான் தலையணையைச் சரிசெய்வேன். ஒருநாள் பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். "யார் வீட்டுப் பிள்ளை அத்தை அது?"

"என் பொண்ணு. அது அழவே அழாது. அதனால வலிக்காதுன்னு நெனச்சுட்டேன்."

சொல்லிவிட்டுக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கப் பார்த்தார். நிற்கக்கூடத் தெம்பில்லாத கால். நான் தோளைப் பிடித்துப் படுக்க வைத்து, "நீங்க எங்க போறீங்க? நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றேன். "நெஜமா போவியா?" என்றார். "போவேன் அத்தை." அப்புறம்தான் கண்ணை மூடினார். அன்றைக்கு மட்டும் இல்லை, அதன்பிறகு தினமும் இதே பேச்சு. தினமும் போகிறேன் என்று சொல்வேன், அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். எங்கே போவது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ எழுதிய பிறகுதானே அந்தப் பெஞ்சே தெரிந்தது.

நடிக்க வேண்டாம். எனக்கு எழுதினாயே, அதை அப்படியே பேசு. அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற எல்லோரும் அவர் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளைகள்தான், புரிந்துகொள்வார்கள். நீ நடுவில் நிறுத்திவிட்டால் நான் எழுந்து கள்ளாட்டக் கதையைச் சொல்கிறேன். எனக்கு மறந்துபோனால் நீ எடுத்துக் கொடு.

யாராக வருவது என்று ஒரு கேள்வி கேட்டாயே, அதற்கு நேரில் உன் காதைத் திருகிப் பதில் சொல்கிறேன். லாட்ஜுக்கு உன் அண்ணன் போன் போட்டு, ரூம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு அவர் வரவில்லை. நான்தான் வருகிறேன். அத்தையிடம் போகிறேன் போகிறேன் என்று சொல்லிப் போகாமலே இருந்துவிட்டேனே! ரயில் வருவதற்கு வெகு முன்னாலேயே வந்து நிற்பேன். நீ காத்திருக்கவே வேண்டாம்.

அண்ணி