எண்பதில் நிறுத்திய சார்ஜ்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. குனிந்து உள்ளே போனேன். மதியம்வரை யாரும் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

புது எலெக்ட்ரிக் வேன் வந்து பன்னிரண்டாவது நாள். இந்தச் சோதனை ஓட்டம் சரியாக வந்தால் மலையில் ஓடும் டீசல் வேன்கள் மூன்றும் போய்விடும். சரியாக வராவிட்டால் குன்னூர் ஆபீஸையே மூடிவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி அனுப்புவார்களாம். இரண்டில் எது நடந்தாலும் எனக்குக் கடைசியில்தான் சொல்வார்கள்.

இன்று போனவை: கோவை விமான நிலையத்துக்குக் காளான் நாற்பது பெட்டி. ஆஸ்பத்திரி ரத்த மாதிரி ஒரு பெட்டி, அதற்குத் தனி வேன். எங்களுடையது அவசர லோடு மட்டும். ஒரு லோடு, ஒரு வண்டி, மற்ற பார்சலோடு சேர்ப்பதில்லை.

இன்று நான் வாய் திறந்து பேசியது, வண்டி எங்கே என்று போனில் கேட்டவர்களிடம்: "பர்லியார் தாண்டியாச்சுங்க." பதினோரு முறை. வேறு என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். டீக்கடையில் "சக்கரை கம்மியா."

நாலு மணிக்கு ராசண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார். எலெக்ட்ரிக் வேனை ஓட்டுவது அவர்தான். இந்த மலைப்பாதையில் இருபத்திரண்டு வருஷம்.

"அம்மிணி, பர்லியாருக்குக் கீழ பிரேக்கு கருகற வாசம் வருதுங். வண்டி புடிக்க மாட்டீங்குது."

"கோவை ஹெட் ஆபீஸ்ல சொன்னீங்களாண்ணா?"

"சொன்னனே. ஓட்டிப் பழகுங்கங்கறாங்க. எனக்கு! நாளைக்கு நடக்கவும் பழக்குவாங்களாட்ட இருக்குது."

சிரித்தார். நானும். அவர் போன பிறகு சிரிப்பை நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆனது.

ஜூலை 8, செவ்வாய்

மூடுபனி. எதிரே பேக்கரி தெரியவில்லை.

வேலை இல்லை. வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் திரையில் பழைய ஓட்டங்களை எடுத்துப் பார்த்தேன். போன வாரம் இரண்டு நாள் கரண்ட் போய் சார்ஜ் பாதியில் நின்றது. நோட்டில் எழுதிக்கொண்டவை:

சார்ஜ் நூறு சதவீதத்தில் கிளம்பினால், மலையடிவாரக் கல்லாறில் 99. கருகல் வாசம்.
78இல் கிளம்பிய வியாழன், கல்லாறில் 91. வாசம் என்று ராசண்ணன் சொல்லவில்லை.
81இல் கிளம்பிய சனி, 93. அன்றும் இல்லை.

மூன்று தரம் சரிபார்த்தேன். இறக்கத்தில் காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்த வேகம் மின்சாரமாகி பேட்டரிக்குள் போகும். பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால்? போக இடமில்லை. மோட்டார் பிடிக்காது. மலை முழுக்கக் கால் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். கருகாமல் என்ன செய்யும்.

தினமும் நூறு ஆன பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்பது கோவையில் எழுதிய விதி. கோவையில் இறக்கம் ஏது.

பி.எஸ்ஸி. இயற்பியல். எங்கள் வீட்டில் முதல் பட்டம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அம்மா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு தாலுகா ஆபீஸில் நின்றாள். படித்தது இன்றுதான் முதல்முறை எதற்கோ உதவியிருக்கிறது. எழுந்து நின்றேன். சொல்ல அறையில் யாரும் இல்லை. உட்கார்ந்தேன்.

ஜூலை 9, புதன்

திரையில் மீட்டிங். ஒன்பது முகம். ராசண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்கள். உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

மேனேஜர்: இரண்டு வாரத்தில் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. சமவெளி வண்டிகளில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே வண்டியில் குறை இல்லை. "டீசல் ஓட்டின கால். மிதிச்சுக்கிட்டே எறங்குறாரு. இனி வரப்போறது எல்லாமே இந்த வண்டிதான். பழகலைன்னா ஆளை மாத்தணும்." யாரோ சிரித்தார்கள்.

"குன்னூர்ல இருந்து ஏதாவது இருக்கா?"

மைக்கைத் திறந்தேன். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். தாளை எடுத்து முதல் வரியைக் கண்ணால் மட்டும் வாசித்தேன். ஒன்பது பேரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பார்த்திருக்க மாட்டார்கள்.

"இல்ல சார்."

திரும்பியபோது ராசண்ணன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆறு மணிக்கே போய் 80இல் சார்ஜரைப் பிடுங்கினேன்.

"முழுசா ஆகலீங்களா?"

"கரண்ட் போச்சுங்கண்ணா."

கோவையிலிருந்து போன், ஏன் எண்பது என்று. அவர்களுக்கும் கரண்டையே சொன்னேன். பொய் சொல்லும்போது மட்டும் குரல் நன்றாக வருகிறது.

திரும்பி வந்து ராசண்ணன்: "இன்னிக்கு நல்ல புள்ளையாட்ட எறங்குச்சுங்."

ஜூலை 13, ஞாயிறு

வெள்ளி, சனி இரண்டு நாளும் 80. வாசம் இல்லை. இப்படியே ஓட்டிவிடலாம், யாரிடமும் பேசவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

அம்மாவுக்கு போன். குந்தாப் பக்கம் நாலு நாளாய் விடாத மழையாம், ஆனாலும் தேயிலை எடுக்கப் போகிறாள்.

"கரண்டு வண்டியாமே? சத்தமே வராதாமே?"

"ஆமாம்மா."

"நீ இருக்கிற ஆபீசுக்குத் தோதான வண்டிதான் புள்ள."

துணி துவைத்தேன். காயவில்லை. வாடகை அறையில் கொடி கட்ட ஒரு மூலைதான்.

ஜூலை 14, திங்கள்

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் போனபோது வண்டியில் நூறு. சார்ஜரை இனி கோவையிலிருந்தே இயக்குவார்களாம், இரவு தகவல் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பூ லோடு, விமான நேரம். ராசண்ணன் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜன்னல்வரை போனேன். "பாத்துப் போங்கண்ணா" என்றேன். அதை மட்டும்.

எட்டே காலுக்குத் திரையில் வண்டி நின்றது. பர்லியாருக்குக் கீழே வளைவு. ஐந்து நிமிஷம். பத்து.

எதிரே பஸ் ஏறி வந்திருக்கிறது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். மிதித்தார், பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கம் ஒடித்து, சாலையோர ஓடையில் சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் அடி இல்லை. இடது பக்கத் தகடு முழுக்கப் போனது.

பதினோரு மணிக்கு மேனேஜர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: நாளை முதல் ராசு வண்டி எடுக்க வேண்டாம்.

மேனேஜருக்கு போன் செய்தேன். நானாக அவரை அழைத்தது இதுதான் முதல்முறை. ஆங்கிலம் இல்லை, தாளும் இல்லை. 78, 91. 81, 93. மூன்று நாள் நானே எண்பதில் பிடுங்கியது. கரண்ட் போகவே இல்லை என்பது. எல்லாம் சொன்னேன்.

"யாரு பேசறது?"

"குன்னூர் ஆபீஸ் சார்."

"அங்க யாரு?"

பெயரைச் சொன்னேன்.

"பிரேக் கட்டை இன்னிக்கே மாத்தச் சொல்றேன். நாளைக்கு எண்பதுல எறக்குங்க. அவரே ஓட்டட்டும். நீங்களும் ஏறிக்கங்க. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் வேணும்."

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டிருந்தது. தினமும் அனுப்புகிற வண்டியில் முதல்முறை ஏறினேன்.

கிளம்பும்போது 80. காட்டேரிப் பூங்கா தாண்டி 82. பர்லியார் 87. அங்கே ராசண்ணன் இறங்கி, சக்கரத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். ஏறி வண்டியை எடுத்தார். கல்லாறு 92. வழியெல்லாம் அவர் கால் பிரேக்கைத் தொட்டது சில தடவைதான். எண்ணி எழுதினேன்.

கல்லாறிலிருந்து மேனேஜருக்குச் சொன்னேன், ஸ்பீக்கரில். "சரி. மலை வண்டிக்கெல்லாம் இனி எண்பது. ராசுவே ஓட்டட்டும்." வைத்துவிட்டார்.

ராசண்ணன் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். பாக்குத் தோப்பு முடிந்த பிறகு கேட்டார்.

"அம்மிணி. இது உங்களுக்குப் புதன்கிழமையே தெரியுமுங்களா?"

"தெரியுங்கண்ணா."

தலையை ஆட்டினார். கண் சாலையில்தான்.

"நா உங்க பின்னாலதான நின்னுட்டிருந்தேன்."

மன்னிப்பு கேட்டிருக்கலாம். நோட்டை மூடினேன்.

மே.பாளையத்தில் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினேன்.

"மேல போற பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குமுங்க" என்றார். அவ்வளவுதான்.